கரும்பலகையின் இடது மூலை

ஒரு குரோஸ் என்றால் 144. எம். புதுப்பட்டியில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு வருவதற்குள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தே அதைப் படித்து முடித்திருப்போம். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெட்டிக்கான தாள் வீட்டுக்கு வரும். அம்மா பசை காய்ச்சுவாள். அடிப்பெட்டி ஒரு பக்கம், மேல்பெட்டி ஒரு பக்கம் என்று குவியும். கூலி குரோஸ் கணக்கில். எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்தான்.

பிறகு நான் டீச்சர் ஆனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில்தான் வேலை. தினமும் காலையில் கரும்பலகையின் இடது மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் ஒரு துணுக்கு எழுதுவேன். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. முடிவெட்டும் கடையில் தன் முறைக்காகக் காத்திருக்கும்போது 'கல்கண்டு' இதழைப் புரட்டுவார். தமிழ்வாணன் போட்ட துணுக்குகளை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து ராத்திரி சோற்றுக்கு முன்னால் எங்களுக்குச் சொல்வார். காலையில் வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்ன காலத்தில் அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது.

முதல் வருடம் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எழுதினேன். அத்தனை நீளக் கழுத்திலும் நமக்கு இருப்பதுபோல 7 எலும்புதான் என்று. பிள்ளைகள் வாசித்தார்கள், வாயைப் பிளந்தார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் மட்டும், "அத நாங்க எங்க டீச்சர் போய் எண்ணிப் பாக்குறது?" என்றான். அவன் கேட்டது நியாயம். அன்றே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மூலையில் எழுதும் துணுக்கு எதுவானாலும் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து, சரிதானா என்று அவர்களே சொல்ல முடிய வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் என்ன இருக்கும்? தீப்பெட்டி.

முதலில் ஒரு கேள்வி போட்டேன். லைட்டர் முதலில் வந்ததா, தீக்குச்சி முதலில் வந்ததா? வகுப்பு மொத்தமும் தீக்குச்சி என்றது. இல்லை. ஜெர்மனி வேதியியலாளர் டோபெரைனர், ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு எரியும் லைட்டர் விளக்கை 1823-இல் செய்துவிட்டார். உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தின் ஜான் வாக்கர் கண்டுபிடித்தது 1826-இல். குச்சி தம்பி, லைட்டர்தான் அண்ணன்.

அடுத்த நாள் எழுதியது ஊரையே இழுத்துவிட்டது. "தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது." ஒரு பெண் எழுந்து, "இது தப்பு டீச்சர். எங்கப்பா ஆபீஸ்ல மருந்து முக்குறவரு. குச்சியில மருந்து இல்லாமலா பத்துது?" என்றாள். மருந்து இருக்கிறது, பாஸ்பரஸ்தான் இல்லை என்றேன். நம்பவில்லை. ஒரு பெட்டியை வாங்கி வரச் சொல்லி, குச்சியை எடுத்து சிமென்ட் தரையில் உரசினேன். பற்றவில்லை. மேசையில் உரசினேன். பற்றவில்லை. பெட்டியின் பக்கத்தில் ஒரே இழுப்பு, சர்ரென்று பிடித்தது.

குச்சியின் தலையில் இருப்பவை பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூள். பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கத்தில் தடவிய பழுப்புப் பட்டையில். அதுவும் சிவப்பு பாஸ்பரஸ். உரசும் சூட்டில் அதில் ஒரு துளி, காற்றுப் பட்டாலே எரியும் வெள்ளை பாஸ்பரஸாக மாறுகிறது. அந்தப் பொறி குளோரேட்டைத் தொட்டதும் குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, தலை எரிகிறது. தலை எரிவதோடு அணைந்துவிடாமல் நெருப்பு மரத்துக்கு இறங்குவதற்குத்தான் குச்சியின் நுனியை மெழுகில் முக்கிவிட்டு அப்புறம் மருந்தில் முக்குகிறார்கள். ஒன்றாகச் சேர்ந்தால் தொட்டாலே வெடிக்கக்கூடிய இரண்டு பொருள்களைக் குச்சியில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று பிரித்து வைத்ததுதான் கண்டுபிடிப்பு. அந்த யோசனை 1844-இல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷுடையது. ஆபத்தில்லாத தீப்பெட்டி என்று அதற்குப் பெயர் வந்ததும் இந்தப் பிரிவினையால்தான்.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பாவே பள்ளிக்கு வந்துவிட்டார். கை நகமெல்லாம் மருந்துச் சாயம். "இத்தன வருசமா முக்குறேன், இந்த விவரம் எனக்குத் தெரியாது டீச்சர். எழுதிக் குடுங்க" என்றார். நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். துணுக்கு என்றால் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்த எனக்கு அந்தத் தாளுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இந்தப் பிரிவினைக்கு முன்னால் குச்சியின் தலையிலேயே வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். அதைச் செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும். லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்ததன் பின்னணியில் இந்த நோயும் உண்டு. இந்தியாவில் 1913-இல் சட்டம் போட்டு வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தார்கள். சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்குப் போனது 1922-இல். அவர்கள் திரும்பி வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். தடை வந்து பத்து வருடம் கழித்துத்தான் எங்கள் ஊர்ப்பக்கம் முதல் குச்சி பற்றியது. அந்தப் பத்து வருடத்தை நினைக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம்தான் எனக்கு வரும். குச்சியடுக்கி, பெட்டி ஒட்டி, எழுபது வயதிலும் முழுத் தாடையோடு முறுக்குக் கடித்தவள் அவள்.

பாஸ்பரஸை முதலில் எடுத்தவர் கதையைச் சொன்னால் வகுப்பு அடங்க அரைமணி ஆகும். ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் 1669-இல் தங்கம் செய்யப் புறப்பட்டு, பானை பானையாகச் சிறுநீரைக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை. இருட்டில் தானாக ஒளிரும் ஒரு பொருள் வந்தது. நம் உடம்பிலும் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது, பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும். "அப்போ நாமளும் ஒரு தீப்பெட்டியா டீச்சர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நம் எலும்பில் அது கால்சியத்தோடு கட்டுண்டு கிடக்கிறது, உரசினால் பற்றாது என்று சொல்லி உட்கார வைத்தேன்.

விலையையும் சொல்ல வேண்டும். 50 காசாக இருந்த தீப்பெட்டி 2007-இல் ஒரு ரூபாய் ஆனது. அடுத்த ஏற்றம் 2021 டிசம்பரில்தான். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் ஆகி, பெட்டிக்குள் 36 குச்சி இருந்த இடத்தில் 50 வைத்தார்கள். நடுவில் 14 வருடம். அந்த 14 வருடத்தில் விலை ஏறாத இன்னொரு பொருளைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். இரண்டு நாள் ஊரெல்லாம் கடை கடையாகக் கேட்டு வந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். விடிவதற்கு முன்பே ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். எட்டு வயதுப் பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிய காலம் அது. 1996 டிசம்பர் 10 அன்று சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் பலர் உழைத்துத்தான் பெஞ்சுகள் நிறைந்தன. மதியச் சோறு இழுத்தது, சைக்கிள் இழுத்தது. என் மூலைக் கட்டமும் ஒன்றிரண்டு பேரை இழுத்தது என்று நம்புகிறேன். "இன்னைக்கு என்ன போட்டிருக்கு?" என்று வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பார்கள்.

தீபாவளி நெருங்கினால் மூலை முழுக்க வெடிதான். கம்பி மத்தாப்பின் பொறி 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொதிக்கிற எண்ணெயை விடப் பல மடங்கு சூடு. அது கையில் விழுந்தால் ஏன் கொப்புளம் போடுவதில்லை? பொறி என்பது எரிகிற இரும்புத் தூள். சூடு அதிகம், ஆனால் ஆள் மிகச் சின்னவன். நம் தோலுக்குக் கொடுக்க அவனிடம் அவ்வளவு வெப்பம் இல்லை. ஒரு சொம்பு கொதிநீர் வெறும் 100 டிகிரிதான், ஆனால் அதில் கொட்டிக்கிடக்கும் வெப்பம் தோலை உரித்துவிடும். பொறி பூப்பூவாகக் கிளைப்பதற்குக் காரணம் உருக்குத் தூளில் கலந்திருக்கும் கரி. இதையெல்லாம் சொன்ன கையோடு, எரிந்து முடிந்த கம்பி அப்படிப்பட்டதல்ல, அது நிறைய வெப்பத்தை வைத்திருக்கும், உடனே தண்ணீர் வாளியில் போடு என்பதையும் சேர்த்தே எழுதுவேன்.

நிறங்களில் மஞ்சள் எளிது. எரிகிற அடுப்பில் ஒரு சிட்டிகைக் கல் உப்பைப் போட்டால் அம்மாவின் அடுப்பே மஞ்சளாகும், அது சோடியம். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம். நீலம்தான் தொழிலாளியின் கையைச் சோதிக்கும் நிறம். செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு அந்த நீலத்தைத் தருகிறது. சூடு கொஞ்சம் கூடினால் அது உடைந்து நிறம் வெளுத்துவிடும், குறைந்தால் வெளிச்சமே வராது. வானத்தில் நல்ல நீலப் பூ விரிந்தால் அதைச் செய்தவருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

'பசுமைப் பட்டாசு' என்றால் பச்சை நிறத்தில் எரியும் என்று வெளியூரில் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தது, பேரியம் உப்புகளையும் தடை செய்தது. பேரியம்தான் பச்சையைத் தருவது. எங்கள் ஊரில் அதற்குப் பெயரே பச்சை உப்பு. ஆகவே பசுமைப் பட்டாசில் இருக்கக் கூடாத ஒன்று, பச்சை உப்பு. புகையைக் குறைக்க நாக்பூர் நீரி ஆய்வு நிறுவனம் கொடுத்த கலவைகளுக்குத்தான் அந்தப் பெயர்.

புகை என்றதும் ஒன்று. சத்தமே போடாத பாம்பு மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்று கையில் கொடுக்கிறோம். புனேயில் 2016-இல் ஆறு வகைப் பட்டாசுகளின் புகையை அளந்து பார்த்தார்கள். நுண்துகளை அதிகம் கக்கியது அந்த மாத்திரைதான். ஆயிரம் வாலாச் சரம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. குறைவாகக் கக்கியது புஸ்வாணம். பிள்ளை குனிந்து, முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரே பட்டாசும் அந்த மாத்திரைதான். இதைப் படிக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வெளிச்சம் தெரிந்த பிறகு சத்தம் கேட்கும்வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். கரிசல் காட்டில் மறைப்பு கிடையாது. மின்னலை வைத்து எண்ணப் பழக்கினேன். எங்கள் பிள்ளைகள் அதை வேறொன்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். பகலில் எங்கோ பெரிய சத்தம் கேட்டால் வகுப்பில் ஒருவரும் பேசமாட்டார்கள். ஜன்னல் வழியே புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் அம்மா வேலை பார்க்கும் பிள்ளை எழுந்து நின்றுவிடும்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். மேசையில் பிள்ளைகள் வைத்த ரோஜாக்கள். மதியத்துக்கு மேல் செய்தி வந்தது. முதலிப்பட்டியில் வெடி ஆபீஸ் விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ரோஜாக்களை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரில் போட்டு வைத்தேன். அடுத்த நாள் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் வெடி ஆபீஸ் விதிகளை எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்ற காரணத்தோடு. மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஏன்? ஒன்று நேர்ந்தால் ஓட வழி வேண்டும், இழப்பு பெருகக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஏன்? ஓடுகிறவர் தள்ளினால் போதும், நின்று இழுக்க நேரம் இருக்காது. வாசலில் செம்புத் தகடு, ஏன்? தலை சீவிய சீப்பைத் தாள் துணுக்குகளுக்கு மேலே பிடித்தேன். துணுக்குகள் துள்ளி ஒட்டின. அதே மின்சாரம்தான் நைலான் சேலையிலும் ஏறுகிறது, தகட்டைத் தொட்டால் தரைக்கு இறங்கிவிடுகிறது, தொடாமல் உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாத பொறியாக மருந்தில் இறங்கும் என்றேன். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும் என்பதன் காரணமும் அதுவே. ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போய், அம்மாவின் நைலான் சேலைகளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அம்மா வந்து என்னிடம் சண்டை போட்டாள். பிறகு பருத்திச் சேலையில் வேலைக்குப் போனாள்.

நான் எழுதியவற்றில் ஒன்று ரேஷன் கார்டைப் பற்றியது. அதில் அச்சிட்டிருக்கும் 'தமிழ்நாடு' என்ற சொல்லுக்காக, எங்கள் விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவர் வைத்த கோரிக்கைகளில் மாநிலத்தின் பெயரும் ஒன்று. எழுபது நாளைத் தாண்டியும் கைவிடாமல் அக்டோபர் 13-இல் உயிரை விட்டார். சட்டப்படி பெயர் மாறியது 1969 ஜனவரி 14-இல். அன்று பிள்ளைகள் கார்டை எடுத்து வந்து அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தார்கள்.

கடைசியாகக் காலண்டர். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் வேண்டுமென்று வளர்ந்தது சிவகாசியின் அச்சுத் தொழில். அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். அந்தக் காலண்டர்களில் நாம் கும்பிட்ட லட்சுமிக்கும் முருகனுக்கும் முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு வந்தவர், அது கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். வடநாட்டுப் பூஜையறைகள் வரைக்கும் அவர் படங்கள் போயிருக்கின்றன.

காலண்டர் தாளை எத்தனை முறை பாதியாக மடிக்கலாம்? ஆறு, மிஞ்சினால் ஏழு. அமெரிக்க மாணவி பிரிட்னி கேலிவன் மிக நீளமான தாளை எடுத்து 2002-இல் 12 முறை மடித்துக் காட்டினார். 12 மடிப்பு என்றால் 4,096 அடுக்கு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள நோட்டுத் தாளை 42 முறை மடிக்க முடிந்தால் அடுக்கு நிலாவையும் தாண்டிவிடும். அன்று பள்ளி வளாகம் முழுக்க மடித்த தாள்.

நான் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது கட்டம் கிடையாது, தெருப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். இந்த வருடம் ஜனவரியில் ஒரு பையனிடம் பரணில் கிடந்த 2015 காலண்டரை எடுத்துக் கொடுத்தேன். 2026-க்கும் 2015-க்கும் தேதியும் கிழமையும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒன்றே. 2009-க்கும் அதேதான், இனி 2037-க்கும் வரும். ராகுகாலம் கிழமையைப் பொறுத்தது என்பதால் அதுவும் பொருந்தும். பையன் அதை வீட்டில் ஆணியடித்து மாட்டி, புதுக் காலண்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

நான்கு நாள் கழித்து அவன் அம்மா வந்தாள். வெடி ஆபீஸில் வேலை. விரல் இடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளி மினுக்கம்.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். தீபாவளிதான் தப்பா இருக்கு. இதுல நவம்பர் 10-ன்னு போட்டிருக்கு. ஆபீஸ்ல இந்த வருசம் 8-ன்னு சொல்றாங்க."

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் வேறு எந்தத் தேதி தப்பினாலும் தீபாவளி தப்பக் கூடாது. கூலி, போனஸ், கடன், கல்யாணம் எல்லாம் அதை வைத்துத்தான். அவளை உட்கார வைத்துச் சொன்னேன். தேதியும் கிழமையும் சூரியக் கணக்கு. தீபாவளி ஐப்பசி மாதத்து அமாவாசையை ஒட்டி வருவது, நிலாக் கணக்கு. பன்னிரண்டு அமாவாசைக்கு 354 நாள்தான் ஆகும், வருடத்துக்கு 11 நாள் குறையும். அந்த இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மறுபடி சந்திக்க 19 வருடம் வேண்டும். 2026-இல் 19 போனால் 2007. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 8.

அவள் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள். "2007-ல தான் டீச்சர் நான் முதமுதல்ல வெடி ஆபீஸுக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு என் கூலியில சேல எடுத்தேன். எட்டாம் தேதிதான். ஞாபகம் இருக்கு" என்றாள்.

பையன் அதற்குள் என் பரணில் ஏறி, 2007 காலண்டரைத் தேட ஆரம்பித்திருந்தான்.